பழைய கடைவீட்டைப் புதுப்பித்தால் வரியில் என்ன கிடைக்கும்?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். சுங்கை சிப்புட் பட்டணத்தில் அப்பாவின் இரண்டு மாடிக் கடைவீடு ஒரு சகோதரிக்கும் அவர் தம்பிக்கும் வந்திருக்கிறது. போருக்கு முந்திய கட்டடம். கீழே மளிகைக் கடை, மாத வாடகை 1,500 ரிங்கிட். மேல்மாடி காலி. கூரை ஒழுகுகிறது, உத்திரத்தில் கரையான். கூரைக்கு மட்டும் கட்டட வேலைக் குத்தகையாளர் 40,000 ரிங்கிட் கேட்கிறார். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், அங்கே பழைய கட்டடத்தைப் புதுப்பித்தால் செலவில் 20 விழுக்காடு வரியில் கழியும் என்கிறார். இங்கே அப்படி ஏதாவது உண்டா, இல்லையென்றால் விற்றுவிடலாமா என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, உங்கள் கடைவீட்டுக்கு அப்படி ஒரு சலுகை மலேசியாவில் கிடையாது. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ஏற்கெனவே இருக்கும் சட்டத்துக்குள்ளேயே, வேலையை எந்த வரிசையில் செய்கிறீர்கள், காகிதத்தில் எப்படி எழுதி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சில ஆயிரம் ரிங்கிட் மிஞ்சவும் செய்யும், கைவிட்டுப் போகவும் செய்யும். நம் ஆட்கள் பெரும்பாலும் அதைத் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

உறவினர் சொன்னது பொய்யில்லை. அமெரிக்க மத்திய அரசு, வரலாற்றுச் சிறப்புடையது என்று சான்று பெற்ற வருமானம் தரும் கட்டடத்துக்கு, தகுதியான புதுப்பிப்புச் செலவில் 20 விழுக்காட்டைக் கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழித்துவிடுகிறது. 2017-இல் வந்த வரிச் சட்டத்துக்குப் பிறகு அதை ஐந்து ஆண்டுகளாகப் பிரித்துத் தருகிறார்கள். 1936-க்கு முன் கட்டப்பட்ட, சான்று பெறாத சாதாரணக் கட்டடங்களுக்கு இருந்த 10 விழுக்காட்டுச் சலுகையை அதே சட்டம் எடுத்துவிட்டது. அங்கேயும் பழசு என்பதற்காக மட்டும் எதுவும் கிடைப்பதில்லை. சான்று வேண்டும், தேசியப் பூங்காத் துறை வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும், செலவும் ஓர் அளவைத் தாண்ட வேண்டும்.

நம் 1967 வருமான வரிச் சட்டம் கட்டடத்தை வேறு மாதிரி பார்க்கிறது. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் கட்டடத்துக்கான தேய்மானக் கழிவு தொழிற்சாலை போன்ற ‘தொழிலியல் கட்டடங்களுக்கு’ மட்டும்தான். முதல் ஆண்டில் 10 விழுக்காடு, அதோடு ஆண்டுக்கு 3 விழுக்காடு. மளிகைக் கடை, துணிக்கடை, அலுவலகம் எதுவும் இதில் வராது. சுற்றுலா அமைச்சில் பதிவு செய்த தங்கும் விடுதி என்றால் வரும். பினாங்கிலும் மலாக்காவிலும் பழைய கடைவீடுகள் பல விடுதியாகியிருக்கின்றன. சுங்கை சிப்புட்டில் மேல்மாடியில் நாலு அறை போட்டு அந்தக் கழிவுக்காக விடுதி பதிவு செய்வது உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து.

அப்படியானால் உங்களுக்கு மிஞ்சுவது பழுதுபார்ப்புச் செலவு. வாடகை வருமானத்தைக் கொண்டுவரும் கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைச் சட்டத்தின் 33-வது பிரிவின்கீழ் வாடகையிலிருந்து கழிக்கலாம். கட்டடத்தை முன்பு இருந்ததைவிட மேம்படுத்தினால் அது மூலதனச் செலவு, கழிக்க முடியாது. சொல்வதற்கு எளிது. உடைந்த ஓடுகளை மாற்றினால் பழுது, புதிதாக ஒரு மாடி எழுப்பினால் மேம்பாடு. சிக்கலெல்லாம் இவை இரண்டுக்கும் நடுவில்தான். உத்திரம் செங்கால் மரம், இன்று அந்த அளவில் வாங்கினால் விலை தாங்காது, இரும்பு போடலாமா? ஓட்டுக்குப் பதிலாகத் தகடு போட்டால் அது பழுதா, மேம்பாடா?

இதற்கு வழிகாட்டும் தீர்ப்புகள் பழைய பிரிட்டிஷ் வழக்குகளில் இருக்கின்றன. நம் நீதிமன்றங்கள் அவற்றுக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்றாலும் மதித்து எடுத்துப் பார்க்கின்றன. கோன் எதிர் ராபின்ஸ் பிரதர்ஸ் என்ற 1966 வழக்கில், சுமார் 400 ஆண்டுப் பழைய வணிகக் கட்டடம் ஒன்றைப் பெரிய அளவில் சரிசெய்தார்கள். பழைய பொருள் போய்ப் புதுப் பொருள் வந்தது. ஆனாலும் கட்டடம் செய்யும் வேலை அதேதான், அது புதிதாக எதையும் பெறவில்லை, எனவே இது பழுதுபார்ப்பே என்று நீதிமன்றம் சொன்னது. கூரை முழுவதையும் மாற்றுவதும் இப்படித்தான் பார்க்கப்படும். கூரை தனிச் சொத்தல்ல, கட்டடத்தின் ஓர் உறுப்பு. பழைய அளவில், பழைய சாய்வில், அதே வேலைக்கு மாற்றினால் அதைப் பழுதுபார்ப்பு என்று வாதிட நல்ல அடிப்படை உண்டு. அந்தச் சாக்கில் கூரையை உயர்த்தி ஒரு பரண் அறை சேர்த்தால் முழு பில்லையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

இன்னொரு விஷயம், மரபுரிமையாக வந்தவர்களும் பழைய கட்டடம் வாங்குபவர்களும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. சொத்து கைக்கு வந்தபோதே இருந்த பழுது எப்படிக் கணக்காகும்? 1919-இல் லா ஷிப்பிங் என்ற கப்பல் நிறுவனம், வழக்கமான ஆய்வுக்குரிய காலம் வந்துவிட்ட நிலையில் பழுதோடு ஒரு கப்பலை வாங்கியது. வாங்குமுன் சேர்ந்த பழுதைச் சரிசெய்த செலவு மூலதனம் என்று தீர்ப்பானது. ஐம்பது ஆண்டு கழித்து ஓடியன் திரையரங்க நிறுவனத்தின் வழக்கு வந்தது. போர்க்காலத்தில் பராமரிப்பு இல்லாமல் கிடந்த அரங்குகளை வாங்கிப் படம் ஓட்டிக்கொண்டே சிறிது சிறிதாகச் சரிசெய்தார்கள். வாங்கியபோதே அரங்குகள் ஓடும் நிலையில் இருந்தன, பழுதுக்காக விலையும் குறையவில்லை. அதனால் அந்தச் செலவு கழிக்கத்தக்கது என்று ஆனது. உங்கள் கடைவீடு ஓடியன் பக்கம் நிற்கிறது. அப்பா காலத்திலிருந்தே கீழே கடை நடக்கிறது, வாடகை வருகிறது. எனவே அந்த வாடகைக்காரரை எழுப்பிவிட்டு, ஆளில்லாக் கட்டடமாக்கி, பிறகு ‘முழுப் புதுப்பிப்பு’ என்று தொடங்காதீர்கள். முதல் வாடகைக்காரர் வருமுன் ஆகும் ஆரம்பச் செலவுகளை வருமான வரி வாரியம் ஏற்பதில்லை. வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யும் வேலைக்குத்தான் பலம்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். இங்கே ஒரு பொறி இருக்கிறது.

நீங்கள் இருவரும் சும்மா வாடகைக்கு விட்டிருப்பவர்கள். வாடகைக்காரர்களுக்குக் காவல், துப்புரவு, பராமரிப்பு என்று விரிவாகச் சேவை செய்து அதை ஒரு வியாபாரமாக நடத்தவில்லை. ஆகவே உங்கள் வாடகை சட்டத்தின் 4(d) பிரிவில் விழும், வியாபார வருமானமான 4(a)-இல் விழாது. 4(d)-இல் செலவு வாடகையைத் தாண்டினால் தாண்டியது அவ்வளவுதான். சம்பளத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. வியாபார நட்டம் என்றால் பத்து ஆண்டு வரை கொண்டுபோகலாம், வாடகைக்கு அந்த வசதி இல்லை.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். ஆண்டு வாடகை 18,000. நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி எல்லாம் சேர்ந்து 2,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 16,000. ஒரே ஆண்டில் 40,000 ரிங்கிட்டுக்குக் கூரை போட்டால் 16,000 மட்டும் கழியும், 24,000 வீண். அதே வேலையை முன்சாய்வு இந்த ஆண்டு, பின்சாய்வு அடுத்த ஆண்டு, உத்திரம் அதற்கடுத்த ஆண்டு என்று பிரித்தால் ஏறக்குறைய முழுவதையும் கழிக்கலாம். வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. டிசம்பரில் ஒரு பகுதி, ஜனவரியில் அடுத்தது என்றாலே இரண்டு ஆண்டுக் கணக்கு வந்துவிடும். ஆனால் வேலையும் பில்லும் உண்மையிலேயே அந்தந்த ஆண்டில் நடந்திருக்க வேண்டும். தேதியை மட்டும் மாற்றி எழுதி வாங்கும் வேலை வேண்டாம்.

முழுவதும் கழிந்தால் எவ்வளவு மிஞ்சும்? நீங்கள் இருவருமே 50,000-க்கும் 70,000-க்கும் இடைப்பட்ட 11 விழுக்காட்டு வரிப் படியில் இருந்தால், 40,000-க்கு 4,400 ரிங்கிட், ஆளுக்கு 2,200. அமெரிக்க முறையில் தகுதி பெற்றிருந்தால் 8,000 வந்திருக்கும். அங்கே கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழிகிறது. இங்கே வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழிகிறது. அதுதான் இந்தப் பெரிய வித்தியாசம். ஆகவே வரிக்காகக் கூரை போடாதீர்கள், ஒழுகும் கூரையை வரிக்காகத் தள்ளியும் போடாதீர்கள். ஒழுகும் பகுதி முதலில். ஒரு மழைக்காலம் தள்ளினால் உத்திரத்துக்கு வரும் சேதம் 4,400-ஐ விழுங்கிவிடும்.

மேல்மாடி காலியாக இருப்பது அடுத்த தொல்லை. கட்டடத்தின் ஒரு பகுதி மட்டும் வாடகைக்கு இருந்தால் செலவையும் அந்த விகிதத்தில்தான் ஏற்போம் என்று வாரியம் சொல்லலாம். கூரை நேராக மேல்மாடிக்கு மேலே இருக்கிறது, கேள்வி வரத்தான் செய்யும். வாரியத்தின் 2018 பொது விதிவிளக்கப்படி, பழுதுபார்ப்புக்காகவோ, முந்தைய வாடகைக்காரர் போன பிறகு இரண்டு ஆண்டுக்குள் ஆள் கிடைக்காததாலோ தற்காலிகமாகக் காலியாக இருந்தால் செலவை ஏற்பார்கள். வருஷக்கணக்காகக் காலி என்றால் அந்த வாசல் மூடிவிடும். எனவே வேலை தொடங்குமுன் மளிகைக் கடைக்காரரிடம் பேசுங்கள். மேல்மாடியைச் சரக்கு வைக்க அவரே எடுத்துக்கொள்ளட்டும், வாடகையைக் கொஞ்சம் கூட்டுங்கள், கட்டடம் முழுவதற்குமாக ஒரே ஒப்பந்தம் எழுதி முத்திரை வரி கட்டுங்கள். அவர் உண்மையிலேயே பயன்படுத்த வேண்டும், அது முக்கியம்.

பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குத்தகையாளர்கள் வழக்கமாக ‘புதுப்பிப்பு வேலை, 40,000’ என்று ஒரே வரியில் எழுதித் தருவார்கள். அதை வாங்காதீர்கள். ஓடு மாற்றியது தனி, ரீப்பர் தனி, கரையான் அரித்த உத்திரம் தனி, பழைய ஒயரிங்கை மாற்றியது தனி. பின்கட்டில் புதிதாகக் கழிவறை கட்டினால் அதற்கு வேறு பில்லே வாங்குங்கள், அது மூலதனம். வேலைக்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இருவரும் ஆளுக்குப் பாதி வாடகை, பாதிச் செலவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். 2025 ஜூலை முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு. ஆனால் ஆண்டுக்கு 15 லட்சம் ரிங்கிட்டுக்குமேல் அந்த வேலை செய்யும் குத்தகையாளர்தான் அதற்குப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாத சின்னக் குத்தகையாளர் அந்த 6 விழுக்காட்டை உங்களிடம் கேட்கக் கூடாது.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை, இது வரியில் வராது. போருக்கு முந்திய செங்கல் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சில் நிற்பவை. ஈரம் அதன் வழியாக வெளியே போகும். மேலே சிமெண்டு பூசி மூடினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கலையே உதிர்க்கும். பழைய பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

இனி, யாராவது உங்களிடம் ‘புதுப்பிப்புக்கு மூன்று லட்சம் வரை கழிக்கலாமே’ என்று சொல்லக்கூடும். அது கோவிட் காலச் சலுகை. 2020 மார்ச் 1 முதல் செய்த செலவுக்கு வந்தது, இருமுறை நீட்டித்து 2022 டிசம்பர் 31-இல் முடிந்துவிட்டது. அதுவும் அந்த இடத்தில் வியாபாரம் நடத்துபவருக்குத்தான், சும்மா வாடகை வாங்கும் உரிமையாளருக்கு அல்ல. 2026 வரவு செலவுத் திட்டத்தில் வணிகக் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றும் செலவுக்கு ஒரு சிறப்புக் கழிவு அறிவித்தார்கள். தகுதியான செலவில் 10 விழுக்காடு, உச்சவரம்பு ஒரு கோடி ரிங்கிட். அந்த உச்சவரம்பைப் பார்த்தாலே தெரியும், கோலாலம்பூரில் காலியாக நிற்கும் அலுவலக அடுக்குமாடிகளை நினைத்துப் போட்டது. ஒரு லட்சம் செலவழித்தால் கழிவது 10,000. 24 விழுக்காடு வரி கட்டும் நிறுவனத்துக்கே கையில் மிஞ்சுவது 2,400 ரிங்கிட். நம் ஊர்க் கடைவீட்டின் மேல்மாடிக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது.

அடுத்தது நகராண்மைக் கழகம். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின்கீழ் வருகிறது. 1976 உள்ளூராட்சிச் சட்டத்தின் 162-வது பிரிவில், காலியாக இருக்கும் கட்டடத்துக்கு மதிப்பீட்டு வரியில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்க இடம் இருக்கிறது. ஆனால் கட்டடம் குடியேறத்தக்க நல்ல நிலையில் இருக்க வேண்டும், வாடகைக்காரரைத் தேட நியாயமான முயற்சி செய்திருக்க வேண்டும், கேட்கும் வாடகையும் நியாயமாக இருக்க வேண்டும். ஒழுகும் கட்டடத்துக்கு இது கிடைக்காது, சரிசெய்த பிறகு ஆள் வரும்வரை கேட்டுப் பார்க்கலாம். கட்டடத்தைப் பெரிதாக்கினால் ஆண்டு மதிப்பைக் கூட்டி வரியும் ஏற்றலாம். முன்கூட்டி அறிவிப்பு வரும், எதிர்த்து எழுத உரிமை உண்டு. பழுதுபார்ப்பு மட்டும்தான் செய்தோம் என்று காட்ட அதே பில்கள் இங்கேயும் உதவும். கட்டமைப்பைத் தொடும் வேலைக்கு வரைபட அனுமதி, பயன்பாட்டை மாற்றினால் திட்ட அனுமதி. இவை இல்லாமல் தொடங்காதீர்கள்.

இந்தக் கட்டடங்கள் ஏன் இந்த நிலைக்கு வந்தன என்பதும் வரிக் கதையோடு சேர்ந்ததுதான். 1948 ஜனவரிக்குள் கட்டிய கட்டடங்களுக்கு 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையைப் பழைய அளவிலேயே கட்டி வைத்தது. வாடகை ஏறாததால் உரிமையாளர் கூரையைத் தொடவில்லை. 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவாகி, 1999 முடிவோடு கட்டுப்பாடு போனது. ஜார்ஜ் டவுனில் அதற்குப் பிறகு காசு வந்தது. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியல், அதை அடுத்து திங்க் சிட்டி என்ற நிறுவனம் வழியாக 2 கோடி ரிங்கிட் மானியத் திட்டம், பிறகு சுற்றுலா. சுங்கை சிப்புட், பாகான் செராய், பாடாங் செராய் போன்ற தோட்டப் பட்டணங்களுக்கு அதெல்லாம் வரவில்லை. சம்பள நாளில் தோட்டத்து மக்களால் நிரம்பிய கடைத்தெரு, தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் போனதும் காலியானது. மளிகைக்காரர், பொற்கொல்லர், பூக்கடைக்காரர் என்று நம் ஆட்கள் முதன்முதலில் தோட்டத்துக்கு வெளியே காலூன்றிய இடங்கள் இவை. 2005 தேசிய மரபுடைமைச் சட்டம் ஒரு நிதியை வைத்திருக்கிறது, ஆனால் பதிவேட்டில் ஏறிய கட்டடத்துக்குத்தான் அது திறக்கும். நம் கடைத்தெருக்கள் பெரும்பாலும் அதில் இல்லை.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. சிறு பட்டணங்களில் 1948-க்கு முந்திய கட்டடத்துக்கு, பழுதுபார்ப்புச் செலவு வாடகையைத் தாண்டினால் ஐந்து ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரே ஒரு திருத்தம் செய்தால் போதும். அரசாங்கத்துக்கு அதிகம் செலவில்லை, கூரைகள் பிழைக்கும். இன்றைய சட்டத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டவருக்கு நட்டமில்லை, ஒரே மூச்சில் சரிசெய்தவர்தான் நட்டப்படுகிறார். வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நிதியமைச்சு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. நம் வர்த்தகச் சங்கங்கள் இதை எழுதி அனுப்ப வேண்டும்.

விற்பதா என்பதற்கு வருகிறேன். கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மொத்தச் சொத்து 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பங்கீட்டு வழியில் முடிக்கலாம். பெயர் மாறாமல் விற்கவும் முடியாது, வங்கியில் கடன் வாங்கவும் முடியாது. குடிமக்கள் தனிநபராக விற்றால், ஐந்து ஆண்டுக்குமேல் வைத்திருந்த சொத்துக்கு ஆதாய வரி இல்லை. அதற்குள் விற்றால் முதல் மூன்று ஆண்டில் 30 விழுக்காடு, நான்காவதில் 20, ஐந்தாவதில் 15. மரபுரிமைச் சொத்தில் அந்த ஆண்டுக் கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருமான வரியில் கழிக்க முடியாமல் போன மேம்பாட்டுச் செலவை, புதுக் கழிவறை போன்றவற்றை, விற்கும்போது ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். ஆகவே அந்த பில்லும் தொலைந்து போகக் கூடாது. ஒருமுறை வாடகையில் கழித்ததை மறுபடி இங்கே கழிக்க முடியாது.

ஒழுகும் கூரையோடு விற்றால் வாங்குபவர் 40,000-ஐ மட்டும் குறைத்துக் கேட்கமாட்டார், அதைப்போல இரண்டு மடங்கு குறைப்பார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெயர் மாற்றத்துக்கு மனுப் போட்டுவிட்டு, கடைக்காரரோடு புது ஒப்பந்தம் எழுதி, இந்த ஆண்டே ஒழுகும் சாய்வை மட்டும் சரிசெய்வேன். மூன்றாம் ஆண்டு உத்திர வேலை முடிந்த பிறகு விற்கலாமா என்று தம்பியோடு உட்கார்ந்து பேசினால் போதும். அப்போது கையில் வாடகை ஓடும், கூரை ஒழுகாத ஒரு கட்டடம் இருக்கும்.